இருட்டு வாங்கப் போனோம்!

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று பெயர். நடுநிசியில் ரயிலை விட்டு இறங்கினாலும் சுடச் சுட இட்லி கிடைக்கும். பொழுது விடியுமுன் மல்லிகைப்பூ மூட்டை வந்து இறங்கும். எது கேட்டாலும் எந்த நேரத்திலும் கிடைக்கிற ஊர். ஒன்றே ஒன்று மட்டும் அங்கே கிடைக்காது. அதுதான் இருட்டு!

அந்த இருட்டைத் தேடித்தான் சென்ற தை அமாவாசையன்று மாலை நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய காரில் புறப்பட்டோம். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் அம்மாள், அவருடைய கணவர், எழுபது வயதைத் தாண்டிய மாமியார், அப்புறம் நான். "பத்திரிகையில் என் பெயர் வேண்டாமே" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதால், நாமும் அவரை 'டீச்சரம்மா' என்றே வைத்துக்கொள்வோம்.

டீச்சரம்மாவின் பொழுதுபோக்கு போட்டோ எடுப்பது. கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ அல்ல. வானத்தில் கண்ணுக்கே தெரியாத மங்கலான நட்சத்திர மண்டலங்களை எடுக்கிறார். 'காலக்ஸி' என்கிறார்களே, அது!

புறப்படும்போதே வீட்டு வாசலில் ஒரு சிறு விவாதம்.

"அமாவாசையும் அதுவுமா ராத்திரியிலே காட்டுக்குப் போறதாவது? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க!" என்றார் மாமியார்.

"அமாவாசையிலேதான் அத்தை போகணும். நிலா இருந்தா நாம எடுக்கப் போறது தெரியவே தெரியாது."

"நிலாவைக் காட்டிலும் அழகா என்னத்தை எடுக்கப் போறே?"

"வந்து பாருங்களேன் அத்தை. புதுக் கண் போட்டு இரண்டு மாசம் ஆச்சு. இன்னும் டி.வி.யைத்தானே பார்த்துக்கிட்டிருக்கீங்க?"

கண்புரை ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தை போதும். மாமியார் கம்பளியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டார்.

மாடியிலிருந்து கரிசல் காட்டுக்கு

திருமங்கலத்தைத் தாண்டினோம். டி.கல்லுப்பட்டியைக் கடந்து பேரையூர்ப் பக்கம் கார் திரும்பியது. இரு மருங்கிலும் கரிசல் மண். மேற்கே மலைத்தொடர் கறுத்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு தூரம் வர வேண்டுமா?" என்று கேட்டேன்.

டீச்சரம்மா தம் அனுபவத்தைச் சொன்னார். முதல் வருஷம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே முயன்றாராம். விடிய விடிய எடுத்த படங்களில் காலக்ஸி விழவில்லை. டிகாக்‌ஷன் அதிகமாகிவிட்ட காப்பி மாதிரி வானம் முழுவதும் ஒரே பழுப்பு! இரண்டாம் வருஷம் திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரைக்குப் போனார்கள். ஒரு கறை போல ஏதோ விழுந்தது. மூன்றாம் வருஷம் அதே இடத்துக்குப் போனால், பக்கத்தில் புதிதாக எழும்பிய கட்டிடத்தின் உச்சியில் பெரிய விளக்குகள். கண்மாய்க்கரை பட்டப் பகலாக இருந்தது. அதனால்தான் இந்த வருஷம் ஐம்பது கிலோமீட்டர்.

"வருஷா வருஷம் இருட்டு எங்களை விட்டு ஓடுது. நாங்களும் பின்னாலேயே ஓடுறோம்" என்றார் கணவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.

கட்டிலின் நாலு கால்

அன்றைக்குப் படம் பிடிக்கவிருந்த காலக்ஸிக்கு எம்-33 என்று பெயர். மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலார் 1764-ல் தம் பட்டியலில் முப்பத்து மூன்றாவதாகச் சேர்த்தது. வானத்தில் அது பிடிக்கும் இடம் முழுநிலவைப் போல இரண்டு மடங்கு நீளம். ஆனால் ஒளியோ, ஒரு கரண்டி மாவை ஒரு வீதி முழுவதும் தூவினாற்போல மெலிந்து பரவியிருக்கிறது. மிக நல்ல இருட்டில், கூர்மையான கண்ணுக்கு மட்டும் ஒரு புகைபோலத் தென்படும். வானம் எவ்வளவு இருட்டு என்று அளக்க வானியல் ஆர்வலர்கள் வைத்திருக்கும் பரீட்சைகளில் இந்த எம்-33-ம் ஒன்று.

அதைக் கண்டுபிடிக்க நம் பஞ்சாங்கமே வழி சொல்கிறது. பூரட்டாதி, உத்திரட்டாதி இரண்டையும் 'கட்டில் கால்' என்பார்கள் அல்லவா? நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நிற்கும். தை மாத முன்னிரவில் அந்தக் கட்டில் மேற்கே சாய்ந்து கிடக்கும். அதன் உத்திரட்டாதி முனையிலிருந்து ஒரு நட்சத்திர வரிசை கிளம்புகிறது. அந்த வரிசையில் செம்மை படர்ந்த ஒரு நட்சத்திரம், மிராக். மிராக்குக்கு ஒரு பக்கத்தில் புகழ்பெற்ற ஆண்ட்ரோமீடா காலக்ஸி. எதிர்ப் பக்கத்தில், ஏறக்குறைய அதே தூரத்தில், எம்-33. மிராக்தான் கைகாட்டி மரம்.

ஆண்ட்ரோமீடாவின் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. எம்-33 அதற்கும் அப்பால், 27 லட்சத்துக்கும் மேல். அதாவது அன்றிரவு எங்கள் காமிராவுக்குள் விழவிருந்த வெளிச்சம், பூமியில் மனிதன் மனிதனாகாத காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது!

"பூச்சி பொட்டு வந்தா?"

இடத்தைச் சேர்ந்தோம். கார் விளக்கை அணைத்தோம். ஆனால் இருட்டவில்லை. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு பம்ப்செட் வீடு. அதன் வாசலில் கம்பத்தின் உச்சியில் ஒரு எல்.இ.டி. பல்பு, எட்டுத் திக்கிலும் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா நேரே அங்கே நடந்தார். நானும் கூடப் போனேன். ஓர் அம்மாள் வெளியே வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இந்த லைட்டை அணைச்சு வைக்க முடியுமா? வானத்தைப் போட்டோ எடுக்கணும்."

"நல்லாக் கேட்டே! ஒத்தைப் பொம்பளையாப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்கேன். பூச்சி பொட்டு வந்தா யாரு பதில் சொல்றது?"

கேள்வி நியாயமானது. வயல் வரப்பில் குடியிருக்கிறவருக்கு விளக்கு அலங்காரம் அல்ல. அது காவல். டீச்சரம்மாவுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கணவர்தான் யோசனை சொன்னார். திண்ணையில் கிடந்த காலி எண்ணெய்த் தகரத்தைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத்தை வெட்டி விரித்துக் குடைபோல வளைத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்புக்கு மேலே கம்பியால் கட்டினார். பத்து நிமிஷ வேலை. முன்பு வானத்துக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்த வெளிச்சமும் சேர்ந்து இப்போது வாசலில் விழுந்தது. தரை பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பக்கமோ கும்மிருட்டு.

"அட, முன்னைக்கு இப்போ வாசல் நல்லாத் தெரியுதே!" என்றார் அந்த அம்மாள். பிறகு, "அப்படி என்னதான் எடுக்கப் போறீங்க, நானும் வந்து பார்க்கிறேன்" என்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

புள்ளி வைத்தால் கோடு!

டீச்சரம்மாவிடம் பெரிய டெலஸ்கோப் எதுவும் இல்லை. யாரோ உபயோகித்துக் கைமாறி வந்த காமிரா, ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு லென்ஸ், முக்காலி, சின்ன மோட்டார். அவ்வளவுதான்.

மோட்டார் எதற்கு? பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. காமிராவை அசையாமல் வைத்து ஒன்றரை நிமிஷம் படமெடுத்தால், புள்ளி வைக்கச் சொன்ன இடத்தில் கோடு இழுத்துவிடும். கோலம் பாழ்! காமிராவும் வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்ப வேண்டும். அதற்கு மோட்டாரின் அச்சு துருவ நட்சத்திரத்தைக் குறி பார்த்து நிற்க வேண்டும்.

இங்கேதான் மதுரைச் சீமைக்கு ஒரு தொல்லை. லண்டனில் துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேலே நிற்கும். இங்கே அடிவானத்திலிருந்து பத்து டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் உயரம். ஒரு வேப்பமரமோ பனி மூட்டமோ போதும், மறைந்துவிடும். டீச்சரம்மா தரையில் மண்டியிட்டு, இரண்டு பனைகளுக்கு நடுவே அதைப் பிடிக்க அரை மணி ஆயிற்று.

ஏழே முக்கால் மணிக்கு முதல் படம். ஒன்றரை நிமிஷம் கழித்துக் காமிராவின் சிறிய திரையில் வந்தது. எட்டிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் தெரிந்தன. காலக்ஸி எங்கே?

"அதுக்குள்ளேயா?" என்று சிரித்தார் டீச்சரம்மா. "இது சிறுவாட்டுக் காசு மாதிரி சார். ஒரு நாள் போட்டதை எண்ணிப் பார்த்தா ஒண்ணுமே இருக்காது. அறுபத்து நாலு படம் எடுப்பேன். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரிலே ஒண்ணுமேலே ஒண்ணா அடுக்குவேன். காலக்ஸியோட வெளிச்சம் ஒவ்வொரு படத்திலேயும் அதே இடத்திலே விழும். காமிராவிலே தானா உண்டாகிற பொட்டுகள் படத்துக்குப் படம் இடம் மாறும். அடுக்க அடுக்க, முறத்திலே புடைச்ச மாதிரி உமி பறந்துடும், அரிசி நின்னுடும்."

அதற்கு ஒரு கணக்கும் உண்டு. நான்கு படம் அடுக்கினால் இரண்டு மடங்கு தெளிவு. அறுபத்து நான்கு அடுக்கினால் எட்டு மடங்கு. விலையுயர்ந்த கருவி செய்கிற வேலையில் பெரும் பங்கைப் பொறுமையே செய்துவிடுகிறது.

கடைசியில் லென்ஸை மூடியால் மூடிவிட்டு மேலும் சில படங்கள் எடுத்தார். எனக்கு விளங்கவில்லை. "காமிரா தானே உண்டாக்குகிற கறை சில இடத்திலே நிலையா நிக்கும். அதை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டா, அப்புறம் கழிச்சிடலாம்" என்றார்.

கட்டிடக்காரரும் அவர் மனைவியும்

படங்கள் விழுந்துகொண்டிருக்க, பிளாஸ்க் காப்பியோடு பேச்சு வளர்ந்தது.

ஆண்ட்ரோமீடாவின் சுருள் அமைப்பை உலகுக்கு முதன்முதலாகப் போட்டோவில் தெளிவாகக் காட்டியவரும் பொழுதுபோக்குக்காரர்தான். ஐசக் ராபர்ட்ஸ் என்ற அவருக்கு லிவர்பூலில் கட்டிடம் கட்டும் தொழில். 1888-ல் 20 அங்குல டெலஸ்கோப்பில், மணிக்கணக்காக வானத்தைப் பின்தொடர்ந்து அந்தப் படத்தை எடுத்தார். 1896-ல் சூரிய கிரகணம் பார்க்க நார்வேக்குக் கப்பலில் போனபோது டோரதியா க்ளும்ப்கே என்ற பெண்மணியைச் சந்தித்தார். பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தவர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1901-ல் இருவரும் மணந்தார்கள். 1904-ல் ராபர்ட்ஸ் மறைந்த பிறகு, அவருடைய போட்டோக்களை ஆராய்ந்து புத்தகமாக வெளியிட்டவர் அந்த அம்மையாரே.

ராபர்ட்ஸின் டெலஸ்கோப்பைச் செய்தது டப்ளின் நகரத்து கிரப் கம்பெனி. அதே கம்பெனி செய்த இன்னொரு 20 அங்குல டெலஸ்கோப் பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் பூனாவுக்கு வந்தது. அங்கிருந்த ஆராய்ச்சிக் கூடம் 1912-ல் மூடப்பட்டபோது அது எங்கே போயிற்று தெரியுமா? நம் கொடைக்கானலுக்கு! நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வடமேற்கே கறுத்துத் தெரிந்த மலைகளுக்குப் பின்னால்.

கொடைக்கானல் கூடத்துக்கு 1960-ல் தலைவராக வந்தவர் வைணு பாப்பு. 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு போட்டோத் தகட்டில் புது வால்நட்சத்திரம் கண்டவர். நட்சத்திரங்களை ஆராய நல்ல இருட்டான இடம் தேடித் தென்னாட்டில் அலைந்து, கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கேயுள்ள கூடத்துக்கு 1986-ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

"அவரும் இருட்டு தேடி அலைஞ்சவர்தானா!" என்று வியந்தார் மாமியார்.

இன்றும் இருட்டு கிடைத்தவர்களுக்கு வானம் வாரி வழங்குகிறது. இத்தாலியைச் சேர்ந்த ஜுசெப்பே தோனாத்தியெல்லோ பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர். அவரிடம் இருந்தது 12.7 சென்டிமீட்டர் டெலஸ்கோப்தான். ஊரை விட்டு விலகிய மலைக்காட்டில் 2010-லும் 2013-லும் எடுத்த படங்களை 2016-ல் மறுபடி ஆராய்ந்தபோது, ஒரு மங்கலான கறை கண்ணில் பட்டது. பெரிய டெலஸ்கோப்புகள் பார்த்து ஊர்ஜிதம் செய்தன. அதுவரை யாருமே அறியாத ஒரு குட்டி காலக்ஸி! தூரம் சுமார் ஒரு கோடி ஒளியாண்டு. 2018-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது இருக்கும் இடம், நாம் பார்த்த அதே மிராக் நட்சத்திரத்துக்கு அருகில்தான்.

தெற்கே தெரியாத மேகம்

மணி ஒன்பது. டீச்சரம்மா எழுந்து தெற்கே பார்த்தார்.

மதுரைச் சீமைக்கு இயற்கை கொடுத்த தனிச் சலுகை ஒன்று உண்டு. லண்டன்காரருக்கு ஆண்ட்ரோமீடா தெரியும். ஆனால் தென்கோடியில் இருக்கும் மெகல்லன் மேகங்கள் ஒருநாளும் தெரியாது. அவையும் காலக்ஸிகள்தாம். நம்மிடமிருந்தோ பெரிய மெகல்லன் மேகம், தை மாத இரவில் தெற்கு அடிவானத்துக்குப் பதினொரு டிகிரி மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. சிறிய மேகத்தின் நட்சத்திரங்களைப் போட்டோத் தகடுகளில் ஆராய்ந்துதான் ஹென்ரியெட்டா லெவிட் என்ற பெண்மணி, மினுங்கும் நட்சத்திரங்களைக் கொண்டு தூரம் அளக்கும் வழியை 1912-ல் கண்டார். அந்த வழியை வைத்தே எட்வின் ஹபிள் 1923-ல் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி உலகம் என்று கண்டுபிடித்தார்.

அந்த மேகத்தைப் பார்க்க ஆவலோடு திரும்பினேன். அங்கே தெரிந்தது வேறு மேகம். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் அடிவானம் முழுதும் சாம்பல் பூசியிருந்தது. பெரிய மெகல்லன் மேகம் அதற்குள் எங்கோ முழுகிக் கிடந்தது.

பல நாட்டு மக்கள் 2011 முதல் 2022 வரை தங்கள் ஊர் வானத்தைப் பார்த்து அனுப்பிய குறிப்புகளை விஞ்ஞானிகள் கூட்டிப் பார்த்தார்கள். இரவு வானம் வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் வெளுத்து வருகிறது என்று தெரிந்தது. பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிகிற ஊரில், குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் மிஞ்சும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. லடாக்கில் ஹான்லே வட்டாரத்தை 2022-ல் இருள்வானப் பகுதியாக அறிவித்து, உள்ளூர் மக்களுக்கே டெலஸ்கோப் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார்கள். நம் மாநிலத்தில் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்க அரசு 2023-ல் முன்வந்தது. ஆனால் மலைக்கு மலை பூங்கா வைத்தாலும், வீட்டுக்கு வீடு எரிகிற விளக்குக்கு யார் பொறுப்பு? 27 லட்சம் வருஷம் வழிநடந்து வந்த வெளிச்சம், கடைசி நொடியில் நம் வாசல் பல்பிடம் தோற்றுப் போகிறது!

கம்ப்யூட்டரில் ஒரு சுருள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். படங்களை அடுக்கி முடித்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில் கரும்பட்டுப் புடவையில் சிதறின ஜரிகைப் பொட்டுகள்போல நட்சத்திரங்கள். நடுவே, அன்றிரவு ஒற்றைப் படத்தில் நான் காணாத அந்த எம்-33! இரு கைகளை வளைத்துச் சுழலும் மெல்லிய சுருள். ஒரு கையின் ஓரத்தில் சிறு செம்பொட்டு. "அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகிட்டிருக்கு. அந்தப் பொட்டு மட்டுமே சுமார் 1,500 ஒளியாண்டு அகலம்" என்றார் டீச்சரம்மா.

மாமியார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் வாக்கப்பட்டு வந்த புதுசிலே நம்ம மாடியிலேயே இப்படித்தான் வானம் நிறைஞ்சு கிடக்கும். என் கண்ணுதான் மங்கிப் போச்சுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அறையில் சற்று நேரம் மௌனம். அவரே அதைக் கலைத்தார்.

"ஏண்டா, அன்னிக்கு அந்தப் பொண்ணு வீட்டு விளக்குக்குக் கட்டினியே ஒரு தகரம்... நம்ம வாசல் லைட்டுக்கு அது கிடையாதா?"

நான் விடைபெற்றுத் தெருவில் இறங்கியபோது கணவர் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். கையில் ஒரு காலி எண்ணெய்த் தகரம். கீழே நின்று மாமியார் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்: "இன்னும் கொஞ்சம் கீழே வளை!"